ரெண்டு வருஷம் தப்பான நாள்ல மரம் நட்டேன், மூணாவது வருஷக் கணக்கு இது

காலையில ஜன்னல் வழியா பாத்தப்போ பீச் கன்னு நல்லாத்தான் இருந்துச்சு. இலை ஓரமெல்லாம் வெள்ளையா பொடி தூவுன மாதிரி, பாக்கவே அழகா இருந்துச்சுனு போட்டோ வேற எடுத்தேன். ஒம்பது மணிக்கு வெயில் ஏறுனதும் கிட்டப் போய் தொட்டா, அத்தனை இலையும் வெந்நீர்ல முக்கி எடுத்த கீரை மாதிரி தொங்குது, கரும்பச்சையா ஈரமா, ரெண்டு விரல்ல வச்சு நசுக்குனா தண்ணி வருது. மத்தியானத்துக்குள்ள எல்லாம் கறுப்பு. கன்னு நட்டு சரியா பதினோரு நாள் ஆகியிருந்துச்சு.

இத்தனைக்கும் நான் சும்மா குத்துமதிப்பா நடல. கடைசி உறைபனி தேதி எங்க இடத்துக்கு எதுன்னு தேடிப் பாத்து, அதைக் காலண்டர்ல வட்டம் போட்டு, அது தாண்டி நாலு நாள் கழிச்சுத்தான் நட்டேன். அப்புறம் எப்படி உறைபனி வந்துச்சுன்னு ஒரே கடுப்பு. ஏமாத்திட்டாங்கன்னே நினைச்சேன்.

இதுக்கு முந்தின வருஷம் நேர் எதிரா ஒரு கூத்து. ரெண்டு ஆப்பிள் கன்னு பேர் ரூட்டா வந்துச்சு, அதாவது மண்ணு தொட்டி எதுவும் இல்லாம வெறும் வேரும் குச்சியுமா கட்டு கட்டி வருமே அது. வந்தப்போ வெளியில நல்ல குளிரு, ராத்திரி மைனஸ் 4, மைனஸ் 5னு போய்ட்டிருந்துச்சு, இந்தக் குளிருல பச்சப்புள்ளையப் போய் வெளிய நிறுத்துறதான்னு கட்டைப் பிரிக்காம கார் ஷெட்டுல சாத்தி வச்சுட்டேன். கடைசி உறைபனி தேதிக்கு அப்போ ஏழு வாரம் இருந்துச்சு. ஷெட்டு வெளிய விட வெதுவெதுப்பு, அதனால நாலாவது வாரமே மொட்டு உடைஞ்சு வெளுத்துப் போன மஞ்சள் தளிரா நீளமா கிளம்பிருச்சு, வேரு பக்கம் பாத்தா காஞ்ச தும்புக் கயிறு மாதிரி. தேதி வந்ததும் ரொம்ப ஒழுங்கா வெளிய எடுத்து நட்டேன். பின்னாடியே வெயில் காலம். தளிர் தண்ணி கேக்குது, குடுக்குறதுக்கு வேரு இல்ல. ஒண்ணு மூணு வாரத்துல போச்சு, இன்னொண்ணு எப்படியோ தப்பிச்சு அந்த வருஷம் முழுக்க ஒரு சாண் கூட வளராம நின்னுச்சு.

ஆக, குளிருல நட வேண்டியதை வெயில் வர்ற வரைக்கும் பூட்டி வச்சேன், வெயில் வந்தப்புறம் நட வேண்டியதைக் குளிருல கொண்டுபோய் நிறுத்துனேன். ரெண்டுக்கும் ஒரே தேதியத்தான் பாத்தேன், அங்கதான் கோளாறு. அந்தத் தேதி தக்காளி, மிளகா மாதிரி பச்சையா இருக்கிற செடிக்குத்தான் பொருந்தும். மரத்துக்குத் தேதி பாக்குறதுக்கு முன்னாடி அது தூங்குதா முழிச்சிருக்கான்னு பாக்கணும்.

தூங்குறதுன்னா டார்மன்ட். இலையெல்லாம் உதிர்ந்து, மொட்டு இறுக்கமா மூடி, உள்ள இருக்கிற தண்ணிய எல்லாம் ஒரு மாதிரி சரிக்கட்டி வச்சிருக்கும் மரம். அந்த நிலையில ஆப்பிள், பிளம், பேரி எல்லாத்துக்கும் சாதாரண உறைபனி ஒண்ணுமே இல்ல. முழிக்க முழிக்கத்தான் பலவீனமாகுது. ஆப்பிள் மொட்டுக்கு ஒரு கணக்கு இருக்கு, அரை மணி நேரம் அந்தக் குளிருல நின்னா பத்துல ஒரு மொட்டு சாகுற வெப்பநிலை எதுன்னு. மொட்டு நுனி வெள்ளி மாதிரி லேசா மின்னும்போது மைனஸ் 9.4. பச்சை எட்டிப் பாக்கும்போது மைனஸ் 7.8. மொட்டுக் கொத்து இறுக்கமா வெளிய வந்ததும் மைனஸ் 2.8. பூ முழுசா விரிஞ்சப்போ மைனஸ் 2.2, இன்னும் கொஞ்சம் இறங்கி மைனஸ் 3.9 போச்சுன்னா பத்துல ஒம்பது காலி. அதே மரம், சில வார இடைவெளிதான், ஆனா தாங்குற அளவு எங்கயோ இருந்து எங்கயோ வந்துருது. நான் ஷெட்டுல பொத்தி வச்சது மைனஸ் 5 எல்லாம் காத்து அடிச்ச மாதிரி எடுத்துக்கிற கன்னை. அதை உள்ள வச்சு நானே எழுப்பிவிட்டிருக்கேன்.

பீச் கதை வேற. அது பாலிஹவுஸ்ல, அதாவது பிளாஸ்டிக் ஷீட் போத்துன வெதுவெதுப்பான கொட்டகையில, வளந்து தொட்டியில வந்த கன்னு, வரும்போதே முழுசா இலை. வெளியில இருந்த பீச் மரங்கள் அப்பத்தான் மொட்டு விட்டுட்டு இருந்துச்சு, இது மட்டும் ஒரு மாசம் முன்னாடி போய்ட்டிருந்துச்சு. அதைப் பாத்தாவது எனக்குப் புரிஞ்சிருக்கணும், எவ்வளவு பச்சையா இருக்கு பாருன்னு சந்தோஷப்பட்டேன்.

சரி, அந்தத் தேதி ஏன் பொய்யாச்சு? பொய்யே இல்ல, நான்தான் தப்பா படிச்சேன். கடைசி உறைபனி தேதின்னு ஒரே ஒரு நாளா போட்டிருந்தா அது பெரும்பாலும் 50 சதவீதத் தேதி. 30 வருஷப் பதிவை எடுத்து, இப்ப புழக்கத்துல இருக்கிறது 1991ல இருந்து 2020 வரைக்குமான கணக்கு, அதுல பாதி வருஷம் இந்த நாளுக்கு அப்புறமும் உறைபனி வந்திருக்கு, பாதி வருஷம் வரல, அவ்வளவுதான் அர்த்தம். பூவா தலையா போட்டுப் பாக்குற மாதிரி. நான் அதை இதுக்கு மேல உறைபனி கிடையாதுன்னு படிச்சேன். அதே பட்டியல்ல பக்கத்துலயே 10 சதவீதம்னு இன்னொரு தேதி இருந்துச்சு, அந்த நாள் தாண்டி உறைபனி வர்றதுக்குப் பத்துல ஒரு வாய்ப்பு. எங்க இடத்துக்கு அது பதினாறு நாள் தள்ளி. நான் நட்டது பாதி வாய்ப்பு தாண்டி நாலாவது நாள், செத்தது பதினஞ்சாவது நாள். பத்து சதவீதத் தேதிக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்துச்சு. இதைக் கணக்கு போட்டுப் பாத்தப்போ சிரிப்பு வந்துருச்சு.

அதுக்கப்புறம் இன்னொரு விஷயம் உறுத்துச்சு. பீச் கருகுன அன்னிக்கு வானிலை நிலையத்துல பதிவான குறைஞ்சபட்சம் பிளஸ் 2. பிளஸ்ல எப்படி உறையும்? இதுக்கு மூணு காரணம் கிடைச்சுது. நிலையத்துல தெர்மாமீட்டரைத் தரையில வைக்கிறதில்ல, சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்துல பெட்டிக்குள்ள வச்சிருப்பாங்க. மேகம் இல்லாத, காத்தே அடிக்காத ராத்திரியில தரை தன்னோட சூட்டை வானத்துக்கு விட்டுட்டே இருக்கும், அதனால தரையை ஒட்டின காத்து மேல இருக்கிறதை விட ரெண்டு மூணு டிகிரி குளிர்ந்து போகும். இலையும் அதே மாதிரி சூட்டை விட்டு சுத்தி இருக்கிற காத்தை விடவே குளிர்ந்துரும். தைப் பனி தரையைத் துளைக்கும்னு பழமொழி சொல்வாங்களே, அது நிஜமாவே தரையிலதான் நடக்குது. மூணாவது காரணம் தோட்டத்தோட சரிவு, அதைத் தெர்மாமீட்டர் வச்சு அளந்துதான் கண்டுபிடிச்சேன்.

குறைஞ்சபட்சம் அதிகபட்சம் ரெண்டையும் ஞாபகம் வச்சிருக்கிற தெர்மாமீட்டர் மூணு வாங்குனேன். மாட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சேன், அதைச் செய்யாம இருந்திருந்தா மொத்த வேலையும் வீண். ஐஸ் கட்டிய நல்லா பொடிச்சு ஒரு டம்ளர் நிறைய போட்டு, இடைவெளி நிரம்புற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்தி, கலக்கி, சென்சாரை உள்ள விட்டு பத்து நிமிஷம் வச்சுப் பாத்தேன். சரியான தெர்மாமீட்டர் 0 காட்டணும். ஒண்ணு 0.2, ஒண்ணு மைனஸ் 0.3, மூணாவது சாவகாசமா 1.6 காட்டுது. அதுமேல பெயிண்ட்ல ‘ஒன்றரை கழிக்கவும்’னு எழுதிட்டேன். அப்புறம் மேல வெள்ளைத் தட்டு ஒண்ணைக் குடை மாதிரி கவுத்துக் கட்டணும், இல்லன்னா பகல்ல வெயில் பட்டு ஏத்திக் காட்டும், ராத்திரி வானத்தைப் பாத்துட்டு இருந்தா இறக்கிக் காட்டும்.

ஒண்ணை வீட்டுச் சுவர் ஓரமா, ஒண்ணை நடுத்தோட்டத்துல, ஒண்ணைச் சரிவு முடியுற இடத்துல வேலிக்கிட்ட, மூணையும் முழங்கால் உயரத்துல மாட்டுனேன். பீச் நின்னது அந்த வேலிக்கிட்டதான். குளிர் காலம் முழுக்க தினமும் காலையில நோட்டுல எழுதுனேன், நடுவுல சோம்பேறித்தனத்துல ஒம்பது நாள் விட்டுப் போச்சு. மேகம் இருந்த ராத்திரியும் காத்து அடிச்ச ராத்திரியும் மூணும் கிட்டத்தட்ட ஒரே நம்பர். ஆனா தெளிஞ்ச வானம், காத்து செத்துப் போன ராத்திரின்னா, சுவர் ஓரம் 2, நடுவுல 0.5, வேலிக்கிட்ட மைனஸ் 2.5. ஒரே தோட்டம், இருவது அடி எடுத்து வச்சா நாலரை டிகிரி வித்தியாசம்.

காரணம் ரொம்ப சிம்பிள். குளிர்ந்த காத்து கனம், தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு இறங்கும். கீழ என் வேலி அடியில இடுக்கே இல்லாத பலகை வேலி, வயல் வரப்பு தண்ணியக் கட்டி நிறுத்துற மாதிரி குளிரைக் கட்டி நிறுத்திட்டு இருந்துச்சு. அந்தக் குளத்துக்குள்ளதான் பீச்சை நட்டிருக்கேன். வேலியோட அடிப்பலகை ரெண்டை முழு நீளத்துக்கும் கழட்டிட்டேன், ஒரு முழம் உயரத்துக்கு இடைவெளி. ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிச்சு தலை தேஞ்சு போய் பாதியை அறுத்துத்தான் எடுக்க வேண்டி இருந்துச்சு, ஒரு சனிக்கிழமை முழுக்க அதுக்கே போச்சு. அதுக்கப்புறம் அதே மாதிரி ராத்திரிகள்ல நடுத்தோட்டத்துக்கும் வேலிக்கும் வித்தியாசம் மூணுல இருந்து ஒன்றரைக்குக் கிட்ட இறங்குச்சு. இந்த மொத்த வேலையிலயும் எனக்கு ரொம்ப திருப்தி குடுத்தது இதுதான், மரம் நட்டது கூட இல்ல.

மூணாவது வருஷம். இந்தத் தடவை நோட்டுல 10 சதவீதத் தேதிய எழுதி அதுக்கு ‘கடைசி நாள்’னு பேரு வச்சு, எல்லாத்தையும் அதுல இருந்து முன்னாடி பின்னாடின்னு வாரத்துல எண்ண ஆரம்பிச்சேன். ஒரு பிளம், லேட்டா பூக்குற ஆப்பிள் ஒண்ணு, ரெண்டும் பேர் ரூட், கடைசி நாளுக்கு பத்து வாரம் முன்னாடி வந்துச்சு. வந்த அன்னிக்கு மேல்மண்ணு ரெண்டு அங்குலம் கல்லு மாதிரி உறைஞ்சு கிடந்துச்சு. உறைஞ்ச மண்ணுல நட முடியாது, அதுக்காக வீட்டுக்குள்ளயும் கொண்டு போகக் கூடாது. ஷெட்டோட நிழல் விழுற பக்கம் மண்ணு உறையாம பொலபொலன்னு இருந்துச்சு, அங்க சாய்வா ஒரு பள்ளம் வெட்டி, கன்னு ரெண்டையும் படுக்க வச்ச மாதிரி சாச்சு, வேரு மேல ஈர மண்ணைப் போட்டு மூடிட்டேன். நிழல் முக்கியம், வெயில் பட்டா எழுந்துக்கும். அங்க பன்னெண்டு நாள் கிடந்துச்சு, மொட்டு அசையல.

நடுற நாளுக்குத் தேதியே பாக்கல. ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில இறுக்கிப் பிடிச்சு, கட்டை விரலால குத்திப் பாக்கிறது. உதிர்ந்து விழுந்தா தோண்டலாம். களிமண் உருண்டை மாதிரி அப்படியே நின்னா, இல்ல விரலிடுக்குல தண்ணி கசிஞ்சா, இன்னும் ரெண்டு நாள் விடணும், அந்த ஈரத்துல தோண்டுனா குழியோட சுவர் மண்வெட்டி பட்டு வழவழன்னு மெழுகிப் போகும், வேரு அதைத் தாண்டாது. மூணாவது தடவை பிடிச்சுப் பாத்தப்போ உதிர்ந்துச்சு. கடைசி நாளுக்கு எட்டு வாரம் முன்னாடி.

நட்ட விதத்தைச் சுருக்கமா சொல்லிடுறேன். வேரை ஒரு வாளித் தண்ணியில மூணு மணி நேரம், ராத்திரி பூரா ஊற விடல. குழி ஆழத்தை விட அகலம், நடுவுல மண்ணைக் குவிச்சு ஒரு சின்னக் கோபுரம், அதுமேல கன்னை உக்கார வச்சு வேரை எல்லாப் பக்கமும் விரிச்சு விட்டேன். வளைஞ்சு திரும்புற நீள வேரை மடக்காம நுனியை வெட்டிட்டேன். ஒட்டு போட்ட இடம், அந்த முட்டி மாதிரி வீங்கி இருக்கும்ல, அது மண்ணுக்கு மேல நாலு விரல் நிக்கணும், மண்வெட்டிக் காம்பைக் குழிக்குக் குறுக்க போட்டு அதை வச்சு அளந்தேன். உரம் எதுவும் குழியில போடல. எடுத்த மண்ணையே திருப்பிப் போட்டு, மிதிக்காம, ரெண்டு வாளித் தண்ணி ஊத்தி அதுவே இறங்கட்டும்னு விட்டேன். மேல மூடாக்கு, தண்டைத் தொடாம ஒரு சாண் தள்ளி.

நட்டு அஞ்சாவது நாள் மைனஸ் 6. போய்ப் பாக்கணும்னு கை அரிச்சுது. போய்ப் பாத்தேன், குச்சி குச்சியாவே நின்னுச்சு. அதுக்கப்புறம் இன்னும் ஏழு எட்டு உறைபனி வந்து போச்சு, எதுக்கும் அசையல. அதுக்குள்ள கீழ வேரு வேலையைத் தொடங்கியிருக்கும், மண்ணு அஞ்சாறு டிகிரி வந்தாலே ஆப்பிள் வேரு மெதுவா அசைய ஆரம்பிச்சுரும், மேல மொட்டு திறக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே. பேர் ரூட்டை சீக்கிரம் நடுறதோட லாபமே அந்தச் சில வாரம்தான். நான் மொத வருஷம் ஷெட்டுல வச்சு வீணடிச்சது அதைத்தான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. புதுசா நட்ட கன்னுல பூ வந்தா முதல் வருஷம் நாமளே கிள்ளிப் போடணும், வேருக்கு சத்து போகட்டும்னு. அப்போ அந்தப் பூவை உறைபனி கருக்குனா நமக்கு என்ன நஷ்டம்? ஒண்ணும் இல்ல. பூவுக்கு உறைபனி பயப்படுறது மூணாவது நாலாவது வருஷத்துக் கவலை, நடும்போது அதைப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. எனக்கு ஆனா அந்த மூணாவது வருஷக் கவலையும் கையோட வந்துச்சு.

மொத வருஷம் தப்பிச்ச ஆப்பிள் ஞாபகம் இருக்கா, அது அன்னாங்கிற ரகம், இஸ்ரேல்ல உருவாக்குனது. குளிர் அதிகம் கேக்காத ரகம்னு படிச்சுட்டு, குறைவா கேட்டா நல்லதுதானேன்னு வாங்குனேன். அந்தப் படிப்பும் அரைகுறை. ஆப்பிளுக்குக் குளிர் காலத்துல 7 டிகிரிக்குக் கீழ இத்தனை மணி நேரம் இருந்தாத்தான் தூக்கம் முடியும்னு ஒரு கணக்கு உண்டு, பல ரகத்துக்கு அது 800, 1000 மணி நேரம், அன்னாவுக்கு முந்நூறு பக்கம் போதும். உறைபனியே வராத இடத்துக்கு அது வரப்பிரசாதம். குளிர் நீளமா இருக்கிற இடத்துல என்ன ஆகும்னா, பாதிக் குளிர் காலத்துலயே அதோட தூக்கம் முடிஞ்சுரும், அப்புறம் நாலு நாள் வெயில் அடிச்சாப் போதும், விடிஞ்சுருச்சுன்னு எழுந்து பூக்க ஆரம்பிச்சுரும். போதாக்குறைக்கு நான் அதை வெதுவெதுப்பா இருக்கட்டும்னு சுவர் ஓரமா வேற நட்டிருக்கேன், அது இன்னும் ஒரு வாரம் முன்னாடி எழுப்பி விடுது. மூணாவது வருஷம் கடைசி நாளுக்கு நாலு வாரம் இருக்கும்போது முழுப் பூ.

அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கே தெரிஞ்சுருச்சு. வானத்துல ஒரு மேகம் இல்ல, மத்தியானம் அடிச்ச காத்து சட்டுன்னு நின்னுச்சு, காத்துல ஈரமே இல்ல, பனிநிலை, அதாவது காத்துல இருக்கிற ஈரம் படிய ஆரம்பிக்கிற வெப்பநிலை, மைனஸ் 3னு காட்டுது. பனிநிலை அவ்வளவு கீழ இருந்தா நடுவுல ஈரம் படிஞ்சு சூடு வெளிவந்து தடுக்கிறதுக்கு வாய்ப்பே இல்ல, வெப்பம் தடதடன்னு இறங்கும். பத்து மணிக்கு சுவர் ஓரத்துலயே 3.

இதுக்கு முன்னாடி ஒரு தடவை மூடிப் பாத்து சொதப்பியிருக்கேன். பிளாஸ்டிக் ஷீட்டை மரத்து மேல போட்டுத் தண்டோட சேத்து ஒரு கட்டு, குச்சி மிட்டாய்க்குப் பேப்பர் சுத்துன மாதிரி. பிளாஸ்டிக் தொட்ட இடத்துல எல்லாம் இலை கருகிடுச்சு, ஏன்னா அது வழியா குளிரு நேரா இலைக்கு இறங்கும். அதை விட பெரிய தப்பு அந்தக் கட்டு. மரத்துக்கு ராத்திரி சூடு வர்றது மண்ணுல இருந்துதான், தண்டைச் சுத்திக் கட்டிட்டா அந்த சூடு மேல போகவே வழி இல்ல. இந்தத் தடவை மூணு கம்பை மரத்தைச் சுத்தி ஊனி மேல சேத்துக் கட்டி, பழைய போர்வை ரெண்டை மேல போட்டு, தரை வரைக்கும் இறக்கி, ஓரத்துல செங்கல் வச்சேன். போர்வை எங்கயும் பூவைத் தொடல. மூடுறதுக்கு முன்னாடி மூடாக்கை எல்லாம் ஒதுக்கி மண்ணை வெறுமையா விட்டேன், மூடாக்கு இருந்தா அதுவும் சூட்டை உள்ளயே அமுக்கி வச்சுரும். அன்னிக்கு மத்தியானமே மண்ணை நல்லா நனைச்சிருந்தேன், ஈர மண்ணு பகல் சூட்டை அதிகமா பிடிச்சு வைக்கும். ரெண்டு வாளித் தண்ணியும் உள்ள வச்சேன்.

தலையில டார்ச்சோட இதெல்லாம் பண்ணிட்டு இருக்கும்போது அப்பா போன். என்னப்பா மூச்சு வாங்குதுன்னு கேட்டார். மரத்துக்குப் போர்வை போத்திட்டு இருக்கேன்ப்பானு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், “மொதல்ல நீ போத்திக்கிட்டியா?”ன்னு கேட்டார். இல்லதான்.

தண்ணி தெளிக்கலாமான்னு அந்த ராத்திரி ரொம்ப யோசிச்சேன், பெரிய தோட்டங்கள்ல அப்படித்தான் காப்பாத்துறாங்க. தண்ணி உறையும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி சூடு விடும், அது பூவை 0 டிகிரியிலயே பிடிச்சு நிறுத்தும். ஆனா உறைய உறைய தெளிச்சுட்டே இருக்கணும், காலையில ஐஸ் தானா உருகி விழுற வரைக்கும். நடுவுல நிறுத்துனா தண்ணி ஆவியாக ஆரம்பிக்கும், ஆவியாகும்போது ஒரு கிராம் இழுக்கிற சூடு அதைப் போல ஏழு மடங்குக்கு மேல, தெளிக்காம விட்டதை விட மோசமாயிடும். ஒரு மரத்துக்கு, கையில ஹோஸ் பிடிச்சுட்டு, விடிய விடிய? போர்வையோட நிறுத்திக்கிட்டேன்.

காலையில அஞ்சே முக்காலுக்கு எழுந்து பாத்தேன், ராத்திரியிலயே ரொம்பக் குளிர்ற நேரம் சூரியன் எட்டிப் பாக்குற அந்த நேரம்தான். வெளிய மைனஸ் 2.8, போர்வைக்குள்ள 0.4. போர்வை ஓரத்துல கம்புக்கு வெளிய நீட்டிக்கிட்டு ஒரு கிளை இருந்துச்சு, ராத்திரி அதைக் கவனிக்கல. ரெண்டு நாள் கழிச்சு அந்தக் கிளைப் பூவை ஒண்ணு பறிச்சு நகத்தால நெடுக்கப் பிளந்து பாத்தேன். இதழ் வெள்ளையா புதுசாத்தான் இருக்கு, ஆனா நடுவுல இருக்கிற பச்சைக் குமிழு, பழமா ஆக வேண்டியது, அது மட்டும் கடுகு அளவுக்குக் கறுப்பு. உள்ள இருந்த பூவைப் பிளந்தா பச்சை. வெளிய இருந்து பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, அதனால மரம் பூரா பூத்துச்சு ஆனா ஒரு காய் கூட பிடிக்கலன்னு சொல்றவங்க பூவைப் பிளந்து பாக்கணும். அந்தக் கிளையில ஒண்ணு கூட பிடிக்கல, உள்ள இருந்ததுல இருவத்தி மூணு பிடிச்சு பதினாலு நின்னுச்சு.

பழைய பீச்சோட கதைய முடிக்கல இல்ல. அது கருகுனதும் நான் வெட்டல, கருகுன உடனே வெட்டக் கூடாது, எது உயிரோட இருக்குன்னு மரத்துக்கே தெரிய ஒரு மாசம் ஆகும். தண்டை நகத்தால சுரண்டிப் பாத்தா மேல எல்லாம் பழுப்பு, அடியில மட்டும் பச்சை. அஞ்சாவது வாரம் அடியில இருந்து ஒரு தளிர் வந்துச்சு, அப்பாடான்னு தினமும் தண்ணி ஊத்தி, கம்பு நட்டு, அந்தக் கோடை முழுக்க செல்லமா வளத்தேன். நல்லா ஆளுயரம் வந்துச்சு. அப்புறம் ஒருநாள் இலையப் பாக்கிறேன், பீச் இலை மாதிரி நீளமா மடங்கி இல்லாம உருண்டையா இருக்கு. குனிஞ்சு பாத்தா, ஒட்டு போட்ட முட்டிக்குக் கீழ இருந்து வந்திருக்கு. ஒட்டுக்கு அடியில ரூட்ஸ்டாக்கா, அதாவது வேர்ப் பாகமா, வச்சிருந்தது பிளம் வகை, அதைத்தான் ஆறு மாசம் பீச்சுன்னு கொஞ்சிட்டு இருந்திருக்கேன்.

அதைத் தோண்டி எடுத்துட்டு, மூணாவது வருஷம் வேற பீச் வாங்குனேன், திரும்பவும் தொட்டியில, இலையோட. இந்தத் தடவை கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னாடி பழக்க ஆரம்பிச்சேன். மொத நாள் நிழல்ல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் உள்ள, அப்புறம் அரை நாள், அப்புறம் காலை வெயில், ராத்திரி 5க்கு மேல இருக்கும்னா வெளியிலயே. நாலாவது நாள் காத்துல தொட்டி கவுந்து ஒரு கிளை முறிஞ்சுச்சு, அதை உறைபனிக் கணக்குல சேக்க வேண்டாம். கடைசி நாள் தாண்டி மூணாவது நாள் நடுத்தோட்டத்துல நட்டேன், வேலிக்கிட்ட இல்ல. வேலிக்கிட்ட பேர் ரூட்டா வந்த அந்த லேட்டா பூக்குற ஆப்பிள் இருக்கு, அது லேட்டாத்தான் முழிக்கும், அது பாத்துக்கும்.

இலையுதிர் காலத்துலயும் நடலாம், மண்ணு உறையுறதுக்கு ஆறு வாரமாவது முன்னாடி நட்டா வேரு கொஞ்சம் பிடிக்கும். தாமதமா நட்டா மண்ணு உறைஞ்சு உருகி உறைஞ்சு உருகி கன்னை அப்படியே மேல தள்ளிவிடும், மூடாக்கு கனமா போடணும். இதை நான் இன்னும் செஞ்சு பாக்கல, இந்த வருஷம் ஒரு பேரியை வச்சுப் பாக்கலாம்னு இருக்கேன்.

இப்ப பாக்கி இருக்கிறது எலுமிச்சை மட்டும். அது தூங்குற ஜாதியே இல்ல, வருஷம் பூரா இலை, மைனஸ் 2, மைனஸ் 3 வந்தாலே இலையும் தளிரும் போயிடும். அதுக்கு பத்து சதவீதத் தேதி கூடப் போதாதுன்னு நானா ஒரு கணக்கு வச்சிருக்கேன், தொடர்ந்து ஏழு ராத்திரி நடுத்தோட்டத் தெர்மாமீட்டர் 7க்குக் கீழ இறங்கக் கூடாது. போன வாரம் அஞ்சு ராத்திரி சரியா போச்சு, ஆறாவது ராத்திரி 4.1. மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணிட்டு இருக்கேன், தொட்டி கதவுக்கிட்டயே நிக்குது, போற வர்றவங்க எல்லாம் முள்ளு குத்துதுன்னு திட்டிட்டுத்தான் போறாங்க.